பெண்ணுக்கு என்ன பொழுதுபோக்கு?

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கென்று ஒரு பாடத் திட்டம் உண்டு. 1987-ல் என்னைப் பார்க்க வந்தவர்கள், "பாடத் தெரியுமா? சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். இரண்டும் தெரியும் என்று என் அம்மா அடித்துச் சொன்னாள். முதலாவது அரை உண்மை. இரண்டாவது கால் உண்மை. இப்போது பாடத் திட்டத்தை மாற்றி விட்டார்கள். "பெண்ணுக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்கிறார்களாம். பரம சாதுவான கேள்வி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், என் தங்கை போன் செய்கிற வரையில்.

தங்கையின் பெண் ஒன்றரை வருஷமாகக் கீழ்க்கட்டளையில் எங்களோடு இருக்கிறாள். துரைப்பாக்கத்தில் உத்தியோகம். வயது இருபத்தைந்து.

"அக்கா, இன்னும் மூன்று வாரத்தில் பையன் வீட்டார் அங்கே வருகிறார்கள். இவள் ராத்திரியானால் கம்ப்யூட்டரில் ஏதோ வேஷம் கட்டி ஆடுகிறாளாமே, அதற்குள் அதை நிறுத்தி விடு. நிறுத்த முடியாவிட்டால், அவர்கள் காதில் விழாமலாவது பார்த்துக் கொள்" என்றாள் தங்கை.

"வேஷமா? என்ன வேஷம்?"

"கிழவி வேஷமாம்! முன்பின் தெரியாத மனுஷர்களோடு!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று ராத்திரி சாப்பாடானதும், பால் டம்ளரைக் கையில் எடுத்துக் கொண்டு, அவள் அறைக்குள் துப்பறியும் சாம்புவைப் போல் நுழைந்தேன். அவளோ ஒளிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. "உட்காருங்கள், பெரியம்மா. நல்ல சமயத்தில் வந்தீர்கள். புயல் வரப் போகிறது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

திரையில் படமே இல்லை, எல்லாம் எழுத்து. யாரோ ஒருவர், "மேற்கே மேகம் கறுத்து விட்டது. துறையில் இருப்பது ஒரே ஓடம். நான் அக்கரைக்குப் போயே தீர வேண்டும்" என்று எழுதுகிறார். இவள் ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். பிறகு ஓடக்காரக் கிழவியாக, "கூலி கிடக்கட்டும், தம்பி. அக்கரையில் உனக்காக அழ யார் இருக்கிறார்கள், அதை முதலில் சொல்" என்று பதில் எழுதுகிறாள். அவ்வளவுதான் விஷயம். ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு பத்தி. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். நாம் வாரா வாரம் தொடர்கதைக்குக் காத்திருக்கிறோம். இவர்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, தாங்களே எழுதிக் கொண்டு விடுகிறார்கள்!

இது நேற்று முளைத்த சமாசாரமும் இல்லை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். 1978-ல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும், பல பேர் ஒரே சமயத்தில் ஒரே கற்பனை உலகத்துக்குள் எழுத்து மூலமாகவே உலாவும்படி கம்ப்யூட்டரில் வழி செய்தார்கள். அந்த ஆலமரத்தின் விழுது ஒன்றுதான் கீழ்க்கட்டளையில் எங்கள் மாடி அறை வரை வந்து இறங்கியிருக்கிறது.

* * *

"கிழவிக்கு ஊர் எது?" என்று கேட்டு வைத்தேன். அவள் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாகத் தேசப் படங்கள்! எந்த ஊரில் என்ன விளையும், என்ன நாணயம் செல்லும், செத்தவரைப் புதைப்பார்களா எரிப்பார்களா, எல்லாம் அதில் இருக்கிறது.

"பெரியம்மா, நம் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கே போகும், சொல்லுங்கள்?"

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னாள்: நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அவள் பள்ளிக்கூட மாணவி. தண்ணீர் ஏன் தெருவுக்குள் வந்தது என்று அப்போது யாரைக் கேட்டும் அவளுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லையாம். அதனால் தனக்கென்று ஒரு ராஜ்யத்தை உண்டாக்கிக் கொண்டு விட்டாள். அங்கே ஏரிகள் எல்லாம் அக்கா தங்கைகள். அக்காள் நிறைந்தால் மிச்சம் தங்கைக்கு, அதுதான் சட்டம். நடுவில் கால்வாயை அடைத்து வீடு கட்டினால், அந்த ராஜ்யத்தில் அது கொலைக் குற்றம்! கால்வாயைக் காவல் காக்கிறவள்தான் அந்த ஓடக்காரக் கிழவி.

படித்துக் கொண்டே வந்தவள் திடுக்கிட்டுப் போனேன். இது எனக்குத் தெரிந்த வித்தையாயிற்றே!

நவராத்திரிக் கொலுவில் 'பார்க்' வைக்காத வீடு உண்டா? தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி, பத்து நாள் முன்னதாகவே கேழ்வரகும் கடுகும் தூவி, முளைத்ததும் அதைப் புல்வெளி என்போம். உடைந்த கண்ணாடி குளமாகி விடும். என் தங்கை சோப்புப் பெட்டியில் ரயில்வே ஸ்டேஷன் கட்டுவாள், பாருங்கள், டிக்கெட் ஜன்னல் கூட இருக்கும்! ஸ்டேஷன் மாஸ்டருக்கு எத்தனை குழந்தைகள் என்று ஒரு வரலாறே சொல்லுவாள். அப்போது யாரும் அவளைப் பார்த்து, "வேலையற்ற வேலை" என்று சொன்னதில்லை. ஒன்பது நாள்தானே, சுவாமி பெயரும் கூட இருக்கிறதே!

ரயில்வே ஸ்டேஷன் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ஆர்.கே. நாராயண், 1930-ல் பெங்களூரில், அந்தப் பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொண்டு எழுத உட்கார்ந்தார். முதலில் அவர் மனக் கண்ணில் தோன்றியது ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் மால்குடி. எந்தத் தேசப் படத்திலும் இல்லாத ஊர். ஆனால் அங்கே போய் வராத வாசகர் யார்?

பெண்களில் உண்டா என்பீர்கள். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்தில் ஹாவொர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் இருந்தார். 1826-ல் தம் பிள்ளை பிரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளையோடு சேர்ந்து அவன் சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் மூவரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக் கொண்டு பெயர் வைத்தார்கள். பெயருக்கு ஊர் வந்தது. ஊருக்கு ராஜ்யம், ராஜ்யத்துக்கு யுத்தம். தீப்பெட்டி அளவு புத்தகங்களில் பொடி எழுத்தில் அதன் சரித்திரத்தை எழுதினார்கள். குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1845-ல் எமிலிக்கு இருபத்தாறு, ஆனுக்கு இருபத்தைந்து வயது. இருவரும் யார்க் நகருக்குப் பிரயாணம் போனார்கள். அந்தப் பிரயாணம் முழுவதும் தாங்கள் தங்கள் கற்பனை ராஜ்யத்தின் பாத்திரங்களாகவே இருந்ததாக எமிலி குறித்து வைத்திருக்கிறாள். இரண்டே வருஷம் கழித்து, 1847-ல், எமிலியின் 'வதரிங் ஹைட்ஸ்', சார்லட்டின் 'ஜேன் அயர்', ஆனின் 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளிவந்தன. எங்கள் வீட்டுப் பெண் அப்படி எழுதப் போகிறாள் என்று நான் சொல்லவில்லை. எழுதாவிட்டால்தான் என்ன?

* * *

அதற்காக நான் கண்ணை மூடிக் கொண்டு தலையாட்டவும் இல்லை. முகம் தெரியாத இடத்தில் புலியும் இருக்கலாம், நரியும் இருக்கலாம். அதையும் கேட்டேன். அவளிடம் சில விதிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் உதவும். சொந்தப் பெயர், ஊர், உத்தியோகம், போட்டோ எதுவும் கொடுப்பதில்லை. பணம் என்ற பேச்சு எடுத்தவரோடு அதே நிமிஷம் உறவு அறுந்தது. கதையை விட்டுவிட்டுத் தனியாகப் பேசக் கூப்பிட்டாலும் அப்படியே. மனசுக்குச் சங்கடமாக ஒன்று நடந்தால் ஒளிக்காமல் வீட்டில் சொல்லி விடுவது. பத்தரை மணிக்கு ஓடம் கரையேறி விட வேண்டும். நான் ஒன்று சேர்த்தேன்: யாராவது ஏமாற்றிப் பணம் பறித்து விட்டால், வெட்கப்பட்டுக் கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்வது.

* * *

மறு வாரம் அவள் இன்னொரு குண்டைப் போட்டாள். பழைய லாப்டாப் தேசப் படம் வரையத் திணறுகிறதாம். தானே ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறாளாம். பாத்திரச் சீட்டுக் கட்டுவது போல் மாதா மாதம் சேர்த்த பணம். நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நானும் துணை போனேன்.

அந்தச் சந்துக்குள் எனக்கு மாமனார் ஞாபகம் வந்துவிட்டது. வால்வு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக் கொண்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருப்பார். பாகம் தேடி இதே தெருவுக்குத்தான் வருவார். அந்த மேஜைக்குக் காபி கொண்டு போய் வைத்தவள் நான். "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று அவரை ஒருவர் கேட்டதில்லை. அது பெரியவரின் 'ஹாபி'.

ஒரு கடையில், "அண்ணன் யாரும் வரலையாம்மா?" என்று இவளைக் கேட்டார்கள். இவள் சிரித்து விட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வீடு திரும்பும்போது அவள் சொன்னாள்: 1946-ல் அமெரிக்காவில் உலகத்துக்குக் காட்டப்பட்ட எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகளாம். அதற்குக் கணக்குப் போடும் வழியைக் கற்பித்தவர்கள் ஆறு பெண்களாம்!

சனிக்கிழமை காலை கூடத்தில் பாய் விரித்துக் காரியம் ஆரம்பமாயிற்று. முதல் உத்தரவு எனக்கு: "பெரியம்மா, அந்த ஸிந்தெடிக் சேலையை மாற்றிக் கொண்டு நூல் சேலையில் வாருங்கள்." சேலை உரசி உண்டாகும் மின்சாரம் நமக்குத் தெரியாமலே பாகத்தைக் கெடுத்து விடுமாம். பிராசஸர் என்பது நாலு சென்டிமீட்டர் சதுரம். அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள். உள்ளே பல நூறு கோடி டிரான்ஸிஸ்டர்கள்! மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் தன் பாட்டில் இறங்குகிறது, அமுக்கினால் போச்சு. அதன் தலையில் பட்டாணி அளவு பசை வைத்துக் காற்றாடியை மேலே பூட்டுகிறாள். இரண்டு உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் இருக்கும். அவற்றில் காற்று தங்கினால் சூடு வெளியே போகாது. பசை அந்த இடுக்குகளை நிரப்புகிறது. எத்தனை வருஷமாக அடுப்போடு மல்லுக் கட்டுகிறேன்! எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எல்லாம் பூட்டி ஸ்விட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. அவள் முகம் சுண்டைக்காயாகி விட்டது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தாள். நான் சும்மா குனிந்து பார்த்தேன். நெட்டுக்குத்தாக நிற்கும் ராம் தகட்டின் ஒரு முனையில் கொக்கி நிமிர்ந்திருந்தது; மறு முனையில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. குக்கர் மூடி சரியாக உட்காராவிட்டால் கண் தானாகவே கண்டுபிடித்து விடும், இல்லையா?

"இது சரியாக உட்காரவில்லையோ?" என்றேன்.

மின்சாரத்தை நிறுத்தி விட்டு அவள் அதை அழுத்தினாள். 'டக்' என்றது. மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டு விட்டு ஓடி வந்தார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று. பையனின் அம்மா புன்சிரிப்போடு அந்தச் சாதுவான கேள்வியைக் கேட்டாள். என் தங்கை என்னைப் பார்த்தாள். 'கோலம், சமையல், கொஞ்சம் தையல்' என்று சொல்லும்படி அவள் பெண்ணுக்குப் பாடம் பண்ணியிருந்தாள். பெண்ணோ, ஓடக்காரக் கிழவியிலிருந்து நேற்றுக் கட்டிய கம்ப்யூட்டர் வரையில் ஒன்று விடாமல் சொல்லி விட்டாள்.

கூடத்தில் நிசப்தம்.

"தெரியாத ஆண்பிள்ளைகளும் இருப்பார்களோ?" என்றார் பையனின் அப்பா.

"இருக்கலாம், மாமா. நான் ஆணா பெண்ணா என்பது அவர்களுக்கும் தெரியாது."

தங்கை கண்ணை மூடிக் கொண்டாள். பையனின் அம்மா மெதுவாக, "கல்யாணத்துக்கு அப்புறம் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவளிடமும் இதையே யாரோ ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ! "பையனுக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று கேட்டேன்.

"கிரிக்கெட்! ஞாயிறு தவற மாட்டான். இன்றைக்குத்தான் இதற்காகப் போகவில்லை."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

அந்த அம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. பையன் தலையைக் குனிந்து கொண்டான். காபி ஆறிப் போயிற்று.

பத்து நாளாயிற்று. அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. வராமலே போகலாம். நான் கேட்டது தப்போ என்று ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டேன். ஆனால், ஒளித்து வைத்துப் போகிற வீட்டில் ஆயுசு முழுக்க ஒளித்தல்லவா வாழ வேண்டும்? புருஷர்களின் பொழுதுபோக்குக்கு வீட்டில் ஒரு மேஜை இருக்கிறது. பெண்ணின் பொழுதுபோக்குக்கு வருஷத்தில் ஒன்பது நாள் ஒரு தாம்பாளம் போதும் என்று நாம்தானே விட்டுக் கொடுத்தோம்?

தங்கை என்னோடு பேசாமலிருந்தாள். நேற்று ராத்திரி போன் வந்தது. திட்டத்தான் போகிறாள் என்று எடுத்தேன்.

"அக்கா, இவள் ராஜ்யத்தில் ரயில் உண்டா?"

"தெரியாதே. ஏன்?"

"இல்லை... இருந்தால், ஸ்டேஷனை நான் கட்டித் தருகிறேன் என்று சொல்லேன்."