வாய்க்கால் வெட்டுமுன் மட்டம் பார்ப்போம்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

இது கணிப்பொறி யுகம் என்று மேடைதோறும் கேட்கிறோம். வங்கியில் கணிப்பொறி; ரேஷன் கடையில் கணிப்பொறி; பேருந்து நடத்துநரின் கையிலும் ஒரு சிறு கணிப்பொறி. ஆனால் கணிப்பொறிகளை வாங்கி அடுக்கிவிட்டால் மட்டும் ஒரு நிறுவனம் முன்னேறிவிடுமா? முன்னேறாது என்பதே என் துணிபு. பல கணிப்பொறிகளும் பல கணக்குகளும் ஒன்றோடொன்று எவ்வாறு இணைய வேண்டும் என்ற முன்திட்டமே பயன் தருவது. இத்திட்டத்தை அறிஞர்கள் 'நிறுவனக் கட்டமைப்பு' என்கின்றனர். 1987ஆம் ஆண்டு ஜான் சாக்மன் என்பவர் இதுபற்றி எழுதிய கட்டுரை இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

கட்டமைப்பு என்பது யாது?

பெயர் பெரிது, பொருள் எளிது. பழனி மலை அடிவாரத்து அய்யம்பாளையத்தை எண்ணிப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் மருதாநதியை அங்கே அணை கட்டித் தேக்கியிருக்கிறார்கள். அணையில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் தென்னை காய்த்துவிடாது. மதகு எந்த உயரத்தில், வாய்க்கால் எந்தச் சரிவில், யார் மடை எப்போது திறப்பது என்பதெல்லாம் முன்பே முடிவாக வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தத்தம் மட்டத்தில் வாய்க்கால் வெட்டினால், மேட்டில் நீர் நிற்கும்; கடைமடை காயும். கணிப்பொறியிலும் இதே கதைதான். இங்கே ஓடுவது நீரன்று, செய்தி, அவ்வளவே வேறுபாடு.

இரண்டு சான்றுகள்

முதற் சான்று, நமது இரயில்வே. 1985இல் டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. பின்னர் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் நகரங்களிலும் மையங்கள் எழுந்தன. ஆனால் ஒவ்வொரு மையமும் தன் பகுதி வண்டிகளின் கணக்கையே வைத்திருந்தது. ஐந்து மையங்களையும் ஒரே முறையில் இணைக்கும் பணி 1999இல் நிறைவுற்றது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 2002 ஆகஸ்டில், இணையவழி முன்பதிவு பிறந்தது. மையங்கள் தனித்தனித் தீவுகளாகவே கிடந்திருந்தால் அது இயன்றிருக்குமா? இன்று அய்யம்பாளையத்துத் தோப்பில் நின்றபடியே, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் ஏறுவதற்குக் கைப்பேசியில் சீட்டு எடுக்கிறோம். 1999இல் ஓடிய இயந்திரங்கள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன; இணைப்பின் பயனோ இன்னும் வளர்கிறது.

இரண்டாவது சான்று, பாரத ஸ்டேட் வங்கி. முன்பு ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கணிப்பொறி, தனிக் கணக்கு. அதனால் ஒருவர் தம் கிளைக்குத்தான் வாடிக்கையாளராக இருந்தாரேயன்றி, வங்கிக்கு வாடிக்கையாளராக இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் ஒரே மையக் கணக்கின்கீழ் வந்தன. துணை வங்கிகளும் அதே மென்பொருளை ஏற்றன. 2017 ஏப்ரல் முதல் நாள் ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் தாய் வங்கியோடு இணைந்தபோது, முன்பே வகுத்த அந்தப் பொதுமுறை பெருந்துணையாயிற்று.

வணிகவியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்தொகையில் கணிப்பொறி சொத்தாகத் தோன்றும். மேசை நாற்காலியைவிட விரைவாகத் தேய்மானமும் ஆகும். ஆனால் அவற்றை இணைக்கும் திட்டம் தனியொரு வரியாக அங்கே தோன்றுவதில்லை. தேய்வது கண்ணில் படுகிறது. வளர்வது கணக்கில் வருவதில்லை. 'திட்டத்துக்கு எதற்குச் செலவு? இயந்திரம் வாங்குங்கள்' என்று நிர்வாகிகள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இழப்பு யாருக்கு?

திட்டம் இல்லாததால் வரும் இழப்பு நிறுவனத்தின் கணக்கில் ஏறாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வரிசையில் நிற்கும் மனிதன் செலுத்திவிடுகிறான்!

ஒரு தென்னை விவசாயியின் நிலையைப் பாருங்கள். நிலக் கணக்கு வருவாய்த் துறையில். கடன் கணக்கு கூட்டுறவுச் சங்கத்தில். மானியக் கணக்கு தோட்டக்கலைத் துறையில். சேமிப்புக் கணக்கு வங்கியில். நிலம் ஒன்றே, உரியவரும் ஒருவரே. ஆயினும் ஓரிடத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும்; இன்னோரிடத்தில் பின்னால் நிற்கும்; மற்றோரிடத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே சிட்டா நகல், அடங்கல் நகல், ஆதார் நகல், பாஸ்புத்தக நகல் என்று அவரே கட்டுக் கட்டாகச் சுமந்து அலுவலகம் அலுவலகமாக நடக்க வேண்டியிருக்கிறது. கணிப்பொறிகள் தம்முள் பேச மறுப்பதால், அவற்றுக்கிடையே தூது போகும் வேலை ஏழையின் தலையில் விழுகிறது. ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் எந்த அலுவலகப் பேரேட்டில் பற்றாக எழுதப்படுகின்றன?

இதை அரசும் உணரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2022 ஜூனில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற 2,817 கோடி ரூபாய் டிஜிட்டல் வேளாண் இயக்கம், விவசாயிகள் பதிவேடு, கிராம நில வரைபடம், பயிர்ப் பதிவேடு ஆகிய மூன்றையும் இணைக்க முனைகிறது. வரவேற்போம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க வேண்டாம்.

மறுப்பும் விடையும்

'எல்லாவற்றையும் திட்டமிட்டுக்கொண்டிருந்தால் காலம் கழிந்துவிடும்' என்பர் சிலர். உண்மைதான். எல்லாவற்றையும் திட்டமிட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஓர் எண், பெயரை எழுத ஒரு முறை, எந்தக் கணக்குக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, ஒரு துறை மற்றொரு துறையிடம் விவரம் கேட்கும் வழி ஆகிய நான்கையும் உறுதி செய்தால் போதும். மற்றவற்றை அந்தந்த ஊரின் தேவைக்கு விட்டுவிடலாம். நெல்லுக்கு எழுதிய கடன் விதி தென்னைக்குப் பொருந்தாது. தாண்டிக்குடி மலையில் விளையும் காப்பிக்கும் பொருந்தாது.

இதனினும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கணக்குகள் தனித்தனியாக இருந்தால் ஓரிடத்துப் பிழை ஓரிடத்தோடு நிற்கும். இணைத்துவிட்டாலோ, ஒரு தவறான எழுத்து எல்லா வாசலையும் ஒரே நாளில் அடைத்துவிடும். இந்த அச்சம் நியாயமானது. இதற்காக இணைப்பைக் கைவிட வேண்டும் என்பதில்லை. திருத்தும் வழியையும் கட்டமைப்பின் உறுப்பாக வைக்க வேண்டும். பிழையைத் திருத்தும் பொறுப்பு யாருடையது, எத்தனை நாளில் திருத்த வேண்டும், அதுவரை அந்த மனிதருக்குரிய உதவி நிற்காமலிருக்க என்ன ஏற்பாடு என்பவற்றை அலுவலக வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். உடைப்பெடுத்தால் அடைக்க ஆள் இல்லாத வாய்க்கால், வாய்க்கால் இல்லாததைவிடக் கேடு.

முடிவாக

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நாளை வங்கியிலும் சங்கத்திலும் அரசு அலுவலகத்திலும் பணியாற்றப் போகிறோம். புதிய இயந்திரம் வந்து இறங்கும் நாளில், 'இதன் விலை என்ன?' என்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டாம். 'இது எதனோடு பேசும்? இது வந்தபின் வரிசையில் நிற்பவர் எத்தனை காகிதங்களைக் குறைவாகக் கொண்டுவருவார்?' என்று கேட்போம். ஒன்றும் குறையாது என்பது விடையானால், அங்கே வந்திருப்பது விலையுயர்ந்த தட்டச்சுப் பொறியே அன்றி வேறில்லை.