ஆச்சி ஏன் விழுந்தா?

விடியப்புறம் நாலு மணி. வீட்டுத்திட்ட வீடு, மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால். இரண்டு படி ஏற வேண்டும், பிடிக்கக் கம்பி இல்லை. மாரி மழையில் படி பாசி பிடித்துக் கிடக்கிறது. பிரஷருக்குப் போட்ட குளிசை, படுக்கையை விட்டு எழும்பும்போது தலையைச் சுற்ற வைக்கிறது. ஒரு கண்ணில் வெண்புரை. காலில் அடி தேய்ந்த செருப்பு. முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் இப்படி வழுக்கி விழுந்த ஓர் ஆச்சியை அறியாத குடும்பம் குறைவு.

அதற்குப் பிறகு நடப்பதும் தெரிந்ததுதான். இடுப்பெலும்பு முறிவு, அம்புலன்ஸ், சத்திரசிகிச்சை. எலும்பு பொருந்திவிடும். ஆனால் ஆச்சி ஏன் விழுந்தா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதே படி, அதே குளிசை, அதே கண்ணோடு அவ வீடு திரும்புகிறா.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே முல்லைத்தீவுக்கு ஒரு கிளினிக் வேண்டும்.

கேட்டால் பலன் உண்டு. லண்டனில், விழுந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய 397 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். மற்றக் குழுவினரின் கண், இரத்த அழுத்தம், நடை, மருந்து எல்லாம் பார்க்கப்பட்டன. வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். ஓராண்டில் முதல் குழுவில் 510 விழுகைகள், மற்றதில் 183.

இதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. நாற்காலியில் இருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்கச் சொல்வார்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனம் தேவை. படுக்க வைத்து ஒருமுறையும் நிற்க வைத்து ஒருமுறையும் பிரஷர் பார்ப்பார்கள். குளிசைகளைக் கொட்டிப் பார்த்து, தலைச்சுற்று தருவதைக் குறைப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். இயன்மருத்துவர் கால் வலுக்கவும் சமநிலைக்கும் பயிற்சி சொல்லித் தருவார்.

இப்படி ஒரு தொடக்கம் புதிதல்ல. சென்னை அரச பொது மருத்துவமனையில் டொக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978இல். அப்போது இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாகவே வேரூன்றியிருக்கவில்லை.

நமக்கும் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. 2024 மே மாதம் மாங்குளம் வைத்தியசாலையில் மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. போரில் காலிழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் அது வந்தது பெரிய ஆறுதல். அங்கே கிழமைக்கு ஒருநாளை விழுகைக்கென ஒதுக்கலாம். ஆனால் விழப் பயந்து வீட்டுக்குள் முடங்கிய ஆச்சியைக் கரையோரத்திலிருந்து பஸ் ஏற்றி மாங்குளம் வரச் சொல்வது நியாயமில்லை. அந்த நிலையத்தின் குழுவே மாதத்தில் ஒருநாள் முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் வரவேண்டும். யார் விழுந்தார், யார் சுவரைப் பிடித்து நடக்கிறார் என்பது கிராமத்து முதியோர் சங்கத்துக்குத் தெரியும். பெயர்களை அவர்களே தரட்டும்.

வன்னியில் இதை இன்னும் தள்ளிப்போட முடியாது. 2009 போரில் பிள்ளைகளை இழந்தவர்கள், மிஞ்சிய பிள்ளையையும் வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் தனியே இருக்கிறார்கள். விழுந்தால் தூக்க ஆளில்லை. பக்கத்து வீட்டார் வேலியால் எட்டிப் பார்க்கும்வரை ஈர நிலத்தில் கிடக்க வேண்டியதுதான்.

அடுத்த மாரிக்கு முன்னர் மாகாண சுகாதாரத் திணைக்களம் அந்த ஒரு நாளை அறிவிக்கட்டும். பிரதேச சபைகள் மலசலகூடப் படிகளுக்குக் கைபிடிக் கம்பி பொருத்தத் தொடங்கட்டும்.