தூக்குவதற்கு முன் கணக்குப் பாருங்கள்!

பாகலூரில் கடல் இல்லை. கப்பல் கிரேனைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று கேட்கலாம். பேச வேண்டியிருக்கிறது. கப்பலில் வரும் பாரம் துறைமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. லாரியில் ஏறி, ஊர் ஊராக வருகிறது.

சாதாரணச் சரக்குப் பெட்டி ஒன்று 30 டன் இருக்கும். துறைமுக கிரேன் அதைத் தூக்கிவிடும். ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மர், கொதிகலன், ஜெனரேட்டர் என்றால் 100 டன், 300 டன் என்று போகும். எல்லாத் துறைமுகத்திலும் அதற்கு கிரேன் கிடையாது.

அதனால்தான் பளு தூக்கும் கப்பல்கள் தங்கள் கிரேனைத் தாங்களே சுமந்து வருகின்றன. ஒரே கிரேன் 1,000 டன் தூக்கும் கப்பலும் உண்டு. இரண்டு கிரேன் சேர்ந்து பிடித்தால் 2,000 டன்! தானே ஏற்றும், தானே இறக்கும்.

மூன்று உயிர்

பலம் மட்டும் போதாது. பாரம் ஒரு பக்கம் தொங்கினால் கப்பல் அந்தப் பக்கம் சாயும். உடனே எதிர்ப்பக்கத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும். முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் கொக்கி மாட்டுவார்கள்.

பிசகினால் என்ன ஆகும்? 2003 டிசம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் ஆல்பனி துறைமுகத்தில் 'ஸ்டெல்லாமாரே' என்ற கப்பல் ஜெனரேட்டர் ஏற்றியபோது அங்கேயே கவிழ்ந்தது. 3 மாலுமிகள் பலியானார்கள்.

ரோட்டில் நடந்தது

நம் பக்கம் வருவோம். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய கோதண்டராமர் சிலைக் கல், 2018 கடைசியில் பெங்களூருக்குக் கிளம்பியது. எடை 300 டன்னுக்கு மேல். ஏற்றிய வண்டிக்கு 240 சக்கரம்.

டயர்கள் வெடித்தன. வழி விடுவதற்காக வீடு, கடைகளை இடித்தார்கள். ஓசூர் அருகே பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணைப் பாலம் தாங்காது என்று ஆற்றில் தனிப் பாதை போட்டார்கள். பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது 2019 ஜூன் மாதம்!

சாமி காரியத்தில் குறை சொல்வதற்கில்லை. கேள்வி ஒன்றுதான். பாலம் தாங்குமா, திருப்பத்தில் வண்டி திரும்புமா என்பதை வண்டி கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டாமா?

நாளைக்கு ஒரு ராட்சத டிரான்ஸ்பார்மர் ஓசூர் - மாலூர் ரோட்டில் பாகலூர் வழியாக வரலாம். தொழில் வளர வேண்டும். பாரமும் வரத்தான் செய்யும். ஆனால் அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழும் முன், பாலம், மின்கம்பி, திருப்பம் எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும். எந்த ராத்திரி வண்டி வரும் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். கடையை இடித்தே தீர வேண்டும் என்றால், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கடப்பாரையைத் தூக்கட்டும்.

கடலில் கணக்குத் தப்பினால் கப்பல் கவிழ்கிறது. ரோட்டில் தப்பினால் கவிழ்வது கடைக்காரன் பிழைப்பு. அதிகாரிகள் கவனிப்பார்களா?