உபயம் யாருடையது?

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தான். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மார்க், பைலட் ஆக வேண்டும் என்கிறான், பெரிய விமான கம்பெனி ஒன்றின் திட்டத்தில் தேர்வாகிவிட்டான் என்று ஒரே மூச்சில் சொன்னான்.

"ஸ்பான்சர்டு டிரெயினிங் மாமா. கம்பெனியே பயிற்சி கொடுத்து கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கும்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்ன வயதில் அந்தப் பையனை லாஸ்பேட்டை விமானத் தளத்தின் வேலி ஓரம் கூட்டிப்போய் நிறுத்தியவனே நான்தான்.

"அப்புறம் என்னடா? நல்ல விஷயம்தானே!" என்றேன்.

"ஒரு கையெழுத்து மட்டும் வேணும். பேங்க்ல ஜாமீன் கேக்கறாங்க. நீங்க பென்ஷன்காரர்."

மொத்தச் செலவு 1 கோடியே 5 லட்சம் ரூபாய். அதில் 60 லட்சம் வங்கிக் கடன். அதற்கு அக்காவின் பேரில் இருக்கும் முத்தியால்பேட்டை வீட்டுப் பத்திரம் ஈடு. மீதி 45 லட்சம் அவனுடைய சேமிப்பு, மனைவியின் நகை, ஒரு மனை.

"கம்பெனி எவ்வளவு போடுது?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. கம்பெனி ஒரு பைசாவும் போடவில்லை.

கோயில்களில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். பாதி வெளிச்சத்தை 'உபயம்: இன்னார்' என்ற சிவப்பு எழுத்து மறைத்திருக்கும். நாம் கேலி செய்வோம். ஆனாலும் அந்த இன்னார் சொந்தக் காசில்தான் விளக்கு வாங்கிக் கொடுத்தார். நம்மிடம் காசு வசூலித்து, அதில் விளக்கு வாங்கி, தன் பெயரை எழுதிக்கொள்ளும் உபயதாரரை இந்த வயதில்தான் பார்க்கிறேன். நான் படித்த பிரெஞ்சில் ஸ்பான்சருக்கு 'பர்ரேன்' என்று பெயர். ஞானத்தகப்பனையும் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையைப் பெற்றவனிடம் கூலி வாங்கிக்கொண்டு எந்த ஞானத்தகப்பனும் கோயிலுக்கு வந்து நின்றதில்லை.

ஃபைலை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் படித்தேன். முப்பத்தாறு வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை, சின்ன எழுத்தைப் படிப்பதுதான்.

கட்டிய தவணை எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது. ஒரு சோதனையில் தவறினால் மறுபடி பறக்கும் மணிகளுக்குத் தனியாகக் காசு. இரண்டாம் முறையும் தவறினால் திட்டத்திலிருந்து நீக்கம். எல்லாம் தேறினால் வேலை உண்டா? அதற்கு ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். 'நிறுவனத்தின் அன்றைய தேவைக்கு உட்பட்டு' பணி வழங்கப் பரிசீலிக்கப்படுமாம். எந்தத் தேதிக்குள் என்று இல்லை.

அன்பர்களே, 'நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு பரிசீலிக்கப்படும்' என்ற வாக்கியத்தை என் கையாலேயே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஆகாது என்பதை மரியாதையாகச் சொல்வது அது.

எதிர்ப்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? வேலை கிடைத்தபின் பையன் இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று பாண்டு. அதுபோக, துணை விமானி ராஜினாமா செய்ய 6 மாத நோட்டீஸ், கேப்டன் என்றால் 1 வருஷம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் வகுத்த விதி வேறு. பையனைக் கட்டிப்போட இவ்வளவு கயிறு. கம்பெனியைக் கட்ட ஒரு நூல்கூட இல்லை.

அடுத்த வாரம் அவன் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அவனும் சளைக்கவில்லை. அவன் சொன்ன நியாயங்களை மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள்.

முதல் நியாயம்: "டாக்டர் சீட்டுக்கு ஒரு கோடி கொடுக்கறாங்களே மாமா?" கொடுக்கிறார்கள், அதுவும் தப்புதான். ஆனால் டாக்டருக்கு யாரும் வேலை கொடுக்காவிட்டால் நேரு வீதியில் ஒரு அறை பிடித்து போர்டு மாட்டிக்கொண்டு உட்காரலாம். பைலட் என்ன செய்வான்? மொட்டை மாடியில் ஏர்பஸ் நிறுத்த முடியுமா? அவனுக்கு வேலை கொடுக்கக்கூடிய கம்பெனிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வேலை இல்லாத நாளிலும் செலவு நிற்காது. மருத்துவத் தகுதியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பறக்காமல் இருந்தால் மற்றத் தகுதிகளும் காலாவதியாகும். ஏ320 என்ற ஒரு ரக விமானத்தை ஓட்ட மட்டும் தனிப் பயிற்சி, தனிக் கட்டணம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேறு ரகத்தை ஓட்ட முடியாது.

இரண்டாவது நியாயம்: "விமானம் வாங்கிக் குவிக்கறாங்க, ஆள் பஞ்சம்." உண்மை. 2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஆனால் ஆர்டர் கொடுத்த விமானங்கள் நாளைக் காலையில் வந்து இறங்குவதில்லை, வந்து சேரப் பல வருஷம் ஆகும். பஞ்சம் என்பதும் அனுபவப்பட்ட கேப்டன்களுக்குத்தான். உரிமம் வாங்கிவிட்டு முதல் வேலைக்குக் காத்திருக்கும் புதுப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். நாம் பார்த்த கம்பெனிகளையும் நினைத்துப் பாருங்கள். கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. நம் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய பாரமவுண்ட் 2010-லேயே போய்விட்டது. கொரோனா வந்தபோது ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகளின் விமானங்களும் தரையில் நின்றன. கம்பெனி மூடலாம். வங்கிக் கடன் மூடாது.

மூன்றாவது நியாயம்: "மாசம் ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் சம்பளம். அஞ்சு வருஷத்தில் கடனை அடைச்சிடலாம்." இதற்கு நான் பென்சிலை எடுத்தேன். 60 லட்சத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து, 11 சதவீத வட்டி என்றால், பயிற்சி நடக்கும் 2 வருஷத்துக்கே 13 லட்சத்து 20 ஆயிரம் வட்டி. கடன் 73 லட்சத்து 20 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்து வருஷத் தவணையாகப் போட்டால் மாதம் 1 லட்சத்து 800 ரூபாய்க்கு மேல். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1 கோடியே 21 லட்சம். இது முதல் மாதமே வேலை கிடைத்தால். ஒரு வருஷம் தாமதமானால் அந்த ஒரு லட்சத்தை மாதாமாதம் யார் கட்டுவது? என் பென்ஷனா, அக்காவின் வீடா?

அவன் முகம் சிறுத்துவிட்டது. "நீங்க அந்தக் காலத்து ஆளு மாமா. ரிஸ்க் எடுக்கலைன்னா எதுவும் கிடைக்காது" என்றான்.

ரிஸ்க் எடுப்பதற்கு நான் எதிரி அல்ல. எல்லா ரிஸ்க்கையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டு, எதுவும் எடுக்காதவன் பெயரைப் பலகையில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் சேந்த்-எக்சுபெரி என்ற எழுத்தாளரைப் படிக்காமல் யாரும் தப்பியதில்லை. அவரும் பைலட்தான். 1921-ல் ஸ்த்ராஸ்பூரில் பறக்கக் கற்றுக்கொள்ள அவரும் அம்மாவுக்குக் கடிதம் எழுதித்தான் பணம் கேட்டார். அம்மாக்கள் அன்றும் கொடுத்தார்கள். ஆனால் 1926-ல் அவர் துலூசில் லத்தேகோவேர் கம்பெனியில் சேர்ந்தபோது, முதலில் பட்டறைக்கு அனுப்பி எஞ்சின் பாகங்களைக் கழுவ வைத்தார்களே தவிர, அதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

அதே துலூசில் பிரெஞ்சு அரசின் சிவில் விமானப் பள்ளி இருக்கிறது. 1949-ல் தொடங்கியது. அங்கே 'கொன்கூர்' என்ற போட்டித் தேர்வில் தேறி, விமானி வகுப்புக்குத் தேர்வாகும் சிலருக்குப் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! அந்த வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏர் பிரான்ஸ் கம்பெனி தன் பயிற்சி விமானிகளின் செலவைத் தானே ஏற்கும் திட்டம் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-ல், ஆளுக்கு 1 லட்சம் பவுன் வரை தானே செலவழிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஜெர்மனியில் லுஃப்தான்சா பல வருஷம் செலவைத் தான் முன்பணமாகப் போட்டு, வேலை கொடுத்தபின் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது.

இது நமக்குப் புரியாத விஷயமா? தீபாவளி அட்வான்ஸ் வாங்கி, பத்து மாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்கள்தானே நாம்? ஆளை எடு, அட்வான்ஸ் கொடு, சம்பளத்தில் பிடி. சர்க்கார் தன் பியூனுக்கே செய்ததை, நூற்றுக்கணக்கில் விமானம் வாங்கும் கம்பெனி தன் பைலட்டுக்குச் செய்யக் கூடாதா? நாம் கேட்காததால்தான் செய்யவில்லை. 'ஸ்பான்சர்டு' என்ற ஒரு வார்த்தைக்கே பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

பேரனோ பேத்தியோ பைலட் ஆக வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் மருத்துவச் சோதனை. இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு இரண்டையும் முடிக்கட்டும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியம். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, வழி கண்டறிதல், வானிலை, விமான விதிகள் போன்ற இயக்குநரகத் தேர்வுகளை வீட்டிலிருந்தே படித்து எழுதட்டும். அதைத் தேறிய பிறகு பெரிய பணத்தைப் பற்றிப் பேசலாம். உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனம் 1985 முதல் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, இட ஒதுக்கீடு உண்டு. அங்கே கட்டணம் 45 லட்சம் ரூபாய் அளவில். ரகப் பயிற்சிச் செலவு தனி. அதுவும் சின்னத் தொகை அல்ல, ஆனால் வீடு மிஞ்சும்.

கம்பெனித் திட்டம்தான் வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதிக்குள் வேலை? தராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? பாதியில் நிறுத்தினால் கட்டாத தவணைகள் ரத்தா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லும் பதிலுக்கு ஸ்டாம்பு ஒட்ட முடியாது.

ஜாமீனுக்குப் பிரெஞ்சில் 'கோசியோன்' என்று பெயர். அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் 'காஷன்' என்று படித்தால் எச்சரிக்கை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

நான் கையெழுத்துப் போடவில்லை. அக்காவுக்கு எண்பது வயது. அந்த வீட்டுத் திண்ணையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் இல்லை. அவளே போன் செய்து, "பிள்ளை ஆசைப்படறான், போட்டுக் கொடேன்டா" என்று அழுதாள். அதற்கும் போடவில்லை. அக்கா மகன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை.

பையன் மட்டும் போன மாதம் தனியாக வந்தான். மருத்துவச் சோதனை இரண்டும் தேறிவிட்டதாம். உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துகொண்டு வானிலைப் பாடம் படிக்கிறான். "தாத்தா, இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியுதா?" என்று ஒரு புத்தகத்தை நீட்டினான். எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.