தங்கவயலுக்கும் ஒன்று வேண்டும்

லண்டன் லாம்பெத்தில், 1972-ல் வழிபாடு நின்றுபோன செயின்ட் மேரி தேவாலயம் இடிபட இருந்தது. தோட்டக்கலை முன்னோடி டிரேட்ஸ்கண்டின் கல்லறை அங்கிருப்பதை அறிந்த ஒரு தம்பதியர் விடவில்லை. தொண்டர்கள் கைகொடுக்க, 1977-ல் அது தோட்டக்கலை அருங்காட்சியகமாயிற்று. அரசு முன்வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

பெங்களூர்த் தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. பக்கத்திலுள்ள கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் கண்ட ஊர்! 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளியின் விளக்கும் தலைக்கவசமும் பரணில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கோ வயதாகிவிட்டது. மாளிகை தேவையில்லை; பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டிடம் போதும். தமிழ் அமைப்புகள் ஞாயிறுதோறும் நான்கு இளைஞர்களை அனுப்பி, முதியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யத் தொடங்கட்டும்.