காற்றுக்கு வழிவிடுதல்

பொருள்களுக்கு அழகு எங்கிருந்து வருகின்றது என்னும் வினா மிகப் பழையது. செய்யும் தொழிலுக்குப் பொருந்திய வடிவமே அழகு என்பர் ஒரு சாரார். தொழில் எதுவாயினும் கண்ணுக்கு இனியதே அழகு என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தத்துவ நூல்களைக் கொண்டு தீர்க்கப் புகாமல், சிறு பொருளொன்றை எடுத்து ஆராய்தல் நலமென்று தோன்றுகின்றது. அப்பொருள், இருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறு ஸ்போர்ட்ஸ் மோட்டார் வண்டியின் பானெட்டில், அதாவது யந்திரத்தின் மேல்மூடியில், வரிசை வரிசையாக வெட்டப்படும் காற்றுக் கீற்றுகளாம். ஆங்கிலத்தில் இவற்றை லூவர் என வழங்குவர்.

லூவர் என்னும் சொல் மோட்டாருக்கு மிக முந்தியது. இடைக்கால ஐரோப்பாவில் பெரிய மண்டபங்களின் நடுவே திறந்த அடுப்பு எரிந்தது. அதன் புகை வெளியேறக் கூரையின் உச்சியிற் சிறு கூண்டொன்று அமைத்து, அதன் பக்கங்களிற் சாய்ந்த பலகைகளை வைத்தனர். புகை வெளியே போயிற்று. மழை உள்ளே வரவில்லை. நம் பழைய வீடுகளின் அடுக்களைக்கு மேல் அமைந்த புகைக்கூண்டும் இத்தொழிலையே செய்தது. ஆகவே போகவேண்டியதைப் போகவிட்டு, வரக்கூடாததைத் தடுப்பதே லூவரின் இலக்கணம் என்று கொள்ளலாம்.

இவ்விலக்கணத்தை மோட்டார் செய்வோர் தொடக்கத்திலேயே கைக்கொண்டனர். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் சிறு வண்டியின் பானெட்டுப் பக்கங்களில் இக்கீற்றுகளைக் காணலாம். 1955-56-இல் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி 100 எம் என்னும் வண்டி, கீற்றுகள் நிறைந்த பானெட்டையும் அதன்மேற் கட்டிய தோல்வாரையும் கொண்டே அடையாளம் காணப்படுவது. 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் வண்டியில் யந்திரம் பின்னே இருப்பினும், முன்னே உள்ள ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று முன்மூடியின் மேலுள்ள திறப்புகள் வழியே வெளியேறுகின்றது. 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்.எக்ஸ்.-5 வண்டிக்கோ தொழிற்சாலையார் கீற்றுகள் எவற்றையும் வைக்கவில்லை. ஆயினும் அதனைப் பந்தயக் களத்தில் ஓட்டுவோர் பலர் தாமே பானெட்டை வெட்டிக் கீற்றுகளைப் பொருத்துகின்றனர்.

இங்ஙனம் வெட்டுவோரில் ஒரு பகுதியினர், கீற்று எங்கே வேண்டும், எத்துணை வேண்டும், ஏன் வேண்டும் என்று அளந்து பார்ப்பதில்லை. பிறர் வண்டியிற் கண்ட அழகே அவர்க்குப் பிரமாணம். இக்காலத்துத் தொழிற்சாலைகளிற் சிலவோ இன்னும் ஒரு படி மேலே சென்று, துளையே இல்லாத போலிக் கீற்றுகளைக் கறுப்புப் பிளாஸ்டிக்காற் செய்து ஒட்டி விற்கின்றன. அளவாது வெட்டுதலும், வெட்டாது பாசாங்கு செய்தலும் ஒரு மரத்தின் இரு கிளைகளே என்பதும், இரண்டும் கைவினையின் நேர்மைக்குக் கேடு என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் வேலை யாது என்று காண்போம். யந்திரத்தில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகின்றது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகின்றது. எஞ்சிய பங்கிற் பெரும்பகுதியை ரேடியேட்டரே காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு சிறு வண்டி களத்தில் முழுவேகத்தில் ஓடுங்கால் ரேடியேட்டர் 60 கிலோவாட் வெப்பத்தைத் தள்ளுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதைக் கடக்கும் காற்று 50 பாகை சூடேறுமாயின், நொடிக்கு 1.2 கிலோகிராம் காற்று வேண்டும்; அஃதாவது நொடிதோறும் ஒரு கன மீட்டர். இக்காற்று முகப்பின் வாயில் வழியே உள்ளே வருவது எளிது. உள்ளே வந்தது எங்கே போவது என்பதே கேள்வி. போக வழியில்லையேல் பானெட்டின் அடியில் அமுக்கம் மிகும். மிகவே, பின்வரும் காற்று ரேடியேட்டரைக் கடவாமல் விலகிப் போகும். வாயிலை எவ்வளவு பெரிதாக்கினும் கொல்லைக்கதவு அடைத்த வீட்டில் காற்றோட்டம் இராதன்றோ?

இனிக் கொல்லைக்கதவை எங்கே வைப்பது என்று பார்ப்போம். ஓடும் வண்டியின் மேல் காற்றின் அமுக்கம் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. மூக்கின் நேர்முனையில் காற்று மோதி நிற்பதால் அமுக்கம் மிகுதி. மூக்கைக் கடந்து பானெட்டின் முன்விளிம்பில் வளைந்து ஏறுமிடத்தில் காற்று விரைந்து ஓடுவதால் அமுக்கம் குறைகின்றது. பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்ந்து, முன்கண்ணாடியின் அடியை அணுகுங்கால் மீண்டும் மிகுதியாகின்றது. கண்ணாடி ஒரு சுவர்போல் நின்று காற்றைத் தடுப்பதே காரணம். உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டுமாயின் வெளியே அமுக்கம் குறைந்த இடத்திற்றான் வழி திறக்க வேண்டும். ஆகவே கீற்றுகளுக்கு உரிய இடம் பானெட்டின் முற்பகுதி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னே என்பது பெறப்படும்.

இவ்வெளிய உண்மையை அறியாமையால் நிகழும் பிழை ஒன்று உண்டு. பானெட்டின் பின்விளிம்பில் உள்ள கீல்களுக்கு அடியில் வளையங்களை வைத்துச் சற்றுத் தூக்கிவிட்டால், சூடு பின்வழியே போய்விடும் என்பது பலர் நம்பிக்கை. வண்டி நிற்கும்போது சூடு எழும்பிப் போவது மெய். ஆனால் ஓடும்போது அவ்விடம் அமுக்கம் மிகுந்த இடமாதலால், காற்று வெளியேறுவதற்கு மாறாக உள்ளே புகக்கூடும். இதற்கு வேறு சான்று தேட வேண்டுவதில்லை. 1969-இல் ஷெவ்ரலே கம்பெனியார் கமாரோ வண்டிக்குச் செய்த ஒருவகைப் பானெட்டில், யந்திரம் சுவாசிக்கும் காற்றை உள்ளிழுக்கும் வாயை முன்கண்ணாடியை நோக்கியே வைத்தனர். ஒருவர் காற்றை உள்ளே இழுக்கத் தேர்ந்த இடத்தையே மற்றொருவர் வெளியே விடத் தேர்ந்தால், இருவரில் ஒருவர் தவறியிருத்தல் வேண்டும்.

யார் தவறினார் என்பதை வாதத்தால் அன்றி அளவையால் தீர்க்கலாம். அதற்குப் பெரிய காற்றுச் சுரங்கம் வேண்டுவதில்லை. நம் பௌதிக சாலையில் முதலாண்டு மாணவரும் கையாளும் U வடிவக் கண்ணாடிக்குழாயும், நிறமிட்ட நீரும், மெல்லிய இரப்பர்க் குழாயும் போதும். ஒரு முனையைப் பானெட்டின் மேற்பரப்பிற் படிய வைத்து ஒட்டுக. மற்றதைப் பானெட்டின் அடியில் விடுக. நண்பர் ஒருவர் மூடிய களத்தில் வண்டியை ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து நீர்மட்டத்தின் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் மோதல் அமுக்கம் சுமார் 460 பாஸ்கல். நீரின் உயரத்தில் 47 மில்லிமீட்டர். வேகம் இரட்டித்தால் அமுக்கம் நான்கு மடங்காகும். ஆதலால் பானெட்டின் பல இடங்களிலும் சில மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். எங்கே உள்ளமுக்கம் மிகுந்து வெளியமுக்கம் குறைகின்றதோ அங்கே வெட்டலாம். எங்கே மாறித் தோன்றுகின்றதோ அங்கே கத்தியை வைக்கலாகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி காற்றிற் போடுவோர்க்கும் பொருந்தும்.

அடுத்து அளவு. உள்ளே வந்த ஒரு கன மீட்டர் காற்று 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடேறினால் ஆறில் ஒரு பங்கு விரிகின்றது. அது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாயின், சுமார் 1,200 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். 15 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் வாயும் உடைய கீற்றுக்குத் திறப்பு 15 சதுர சென்டிமீட்டரே. ஆகவே எண்பது கீற்றுகள் தேவைப்படும்! காற்று முழுவதும் மேலே போகவேண்டுவதில்லை. ஒரு பகுதி வழக்கம்போல் வண்டியின் அடியே போகும். ஆயினும் அழகுக்கென வெட்டிய ஆறு கீற்றுகள் எத்துணைச் சிறிய உதவி என்பது இக்கணக்கால் விளங்கும். மேலே போகும் பங்கினால் வேறொரு நன்மையும் உண்டு. அடியே திணிந்த காற்று வண்டியின் முன்புறத்தை மேலே தூக்க முயல்கின்றது. மேலே வெளியேறும் காற்று அத்தூக்கலைக் குறைக்கின்றது. வளைவிற் சக்கரம் பிடிதளராமல் இருக்க இது துணையாம்.

வடிவமும் கருதத்தக்கது. கீற்றின் வாய் பின்னோக்கி இருத்தல் வேண்டும்; அதன் முன்னுதடு சற்று உயர்ந்து, மேலே ஓடும் காற்றைத் தாண்டச் செய்தல் வேண்டும். அவ்வுதட்டின் பின்னே அமுக்கம் இன்னும் குறைந்து, உள்ளிருக்கும் காற்றை வெளியே ஈர்க்கும். இத்தகைய கீற்றுகளைத் தகட்டில் ஒரு விளிம்பு மட்டும் அறுபடுமாறு அச்சினால் ஒரே அழுத்தில் எழுப்புவர். 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் வண்டிகளில் முதற்சிலவற்றிற்குக் கீற்றுத் தகடுகளைத் தனியே செய்து பற்றவைத்தனர். பின்னர்ப் பானெட்டோடு ஒன்றாகவே அச்சிட்டனர்.

கீற்று வெட்டுமுன் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. பெரும்பாலோர் மறப்பதும் அதுவே. முகப்பின் வாயிலிலிருந்து ரேடியேட்டர் வரை உள்ள இடுக்குகளைத் தகட்டாலும் நுரைப்பஞ்சாலும் அடைத்து, வந்த காற்று முழுவதும் ரேடியேட்டரின் ஊடே போகச் செய்தல் வேண்டும். 1930-களில் பிரிட்டிஷ் பொறியாளர் மெரிடித் என்பார், விமானத்தின் ரேடியேட்டரை ஒழுங்கான குழலுக்குள் அடக்கினால் காற்றுத் தடையின் பெரும்பகுதியை மீட்கலாம் என்று காட்டினார். பி-51 மஸ்டாங் விமானம் அதனாற் பயன்பெற்றது. ஒழுகும் பானைக்கு மூடி செய்வதைக் காட்டிலும் ஓட்டையை அடைத்தல் முந்திய கடன்.

எச்சரிக்கைகளும் உள. பானெட்டின் உட்புறத்தில் ஒரு சட்டகம் உண்டு. வேகத்தில் மூடி அதிராமலும், மோதலில் நடுவே மடிந்து கண்ணாடிக்குள் பாயாமலும் காப்பது அதுவே. அழகான வரிசைக்காக அச்சட்டகத்தை அறுப்பவன் பிறர் உயிரோடு விளையாடுகின்றான். வெட்டிய விளிம்புகளை மடித்து மழுக்காது விடுவதும் அத்தகையதே. மழைநீர் சொட்டுமிடத்தில் மின்கருவிகளோ யந்திரத்தின் சுவாசவாயோ இருத்தல் ஆகாது. இன்னும் ஒன்று: நகரத் தெருவில் மட்டும் ஓடும் வண்டிக்கு, தொழிற்சாலையார் அமைத்த குளிர்ச்சியே போதும், அதற்குக் கீற்றுகள் வேண்டுவதே இல்லை.

‘போலிக் கீற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்? வாங்குவோன் விரும்புகின்றான், விற்போன் கொடுக்கின்றான்’ என்பார் உளர். நஷ்டம் கற்போனுக்கு. இளைஞன் ஒருவன் பொறியியலை முதலிற் கற்பது புத்தகத்தினின்றன்று. தெருவில் நிற்கும் வண்டியைக் கண்ணாற் பார்த்தே கற்கின்றான். கீற்று இருக்குமிடத்தில் காற்று போகும் என்று அவன் நம்புகின்றான். அந்நம்பிக்கையைப் பொய்யாக்கும் வடிவம் அவனுக்குப் பொய்யான பாடம் புகட்டுகின்றது. அப்பாடத்தை மெய்யென்று கொண்டு அவனே நாளை கண்ணாடிக்கு அருகில் வெட்டி, யந்திரம் கொதித்து உருகக் காண்பான். அலங்காரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வண்ணம் தீட்டுக, கோடு வரைக, அவை தம்மை அலங்காரமென்றே ஒப்புக்கொள்கின்றன. கருவியின் வேடம் பூண்ட அலங்காரமே கண்டிக்கத்தக்கது.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் நாளை வரைபலகையின் முன் அமர்வோம். அங்கே ஒவ்வொரு கோட்டையும் இழுக்குமுன், ‘இது என்ன வேலை செய்கின்றது? அதை நான் அளந்தேனா?’ என்று இரண்டு வினாக்களைத் தம்மைத்தாமே கேட்கும் பழக்கம் வேண்டும். பரீட்சையில் இவ்வினாக்கள் வருவதில்லை; ஆனால் நாம் செய்த பொருளை நம்பி ஏறி அமர்வோர் ஒவ்வொருவரும் இவற்றை வாய்திறவாமல் கேட்டுக்கொண்டே இருப்பர். அவர்க்கு நேர்மையாக விடைகூறத்தக்க வடிவமே அழகிய வடிவம் என்பது எம் கருத்து.