கடவுள் படத்தைத் தூக்க ஓர் இயந்திரம்

இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஆர்னோ என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகிறது. மாதா கோயில்களுக்கும், சிலைகளுக்கும், சித்திரங்களுக்கும் பேர்போன ஊர். அத்தனை தெய்வங்கள் குடியிருக்கும் ஊரை வெள்ளம் என்ன செய்யும் என்று வைதீகத் தோழர்கள் கேட்கக்கூடும். நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம்.

1333-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி ஆர்னோ பெருகி ஊருக்குள் புகுந்தது. பாலத்தருகே ஒரு பழைய சிலை நின்றது. அது போர்த் தெய்வமாகிய மார்ஸின் உருவமென்றும், நகரத்தின் க்ஷேமம் அதைப் பொறுத்ததென்றும் ஜனங்கள் நம்பியிருந்தார்கள். அந்தச் சிலையையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது! அப்புறமாவது புத்தி வந்ததா? இது கடவுள் தண்டனையா, இயற்கையின் போக்கா என்று குருமார்களையும் சோதிடர்களையும் கேட்டார்களாம். அக்காலத்து வியாபாரி ஜியோவானி வில்லானி இதை எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, மறுபடி வந்தால் எதை எங்கே வைப்பது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

1557-லும் 1844-லும் மறுபடி வெள்ளம் வந்தது. 1966-ல் அதே நவம்பர் 4-ந் தேதி வந்தது. தேதி ஒத்துப்போனது கிரகத்தின் வேலையல்ல. அங்கே அது மழை மிகுந்த பருவம். சில இடங்களில் தண்ணீர் 20 அடிக்கு மேல் ஏறிற்று. தேசியப் புத்தகசாலை ஆற்றங்கரையில் இருந்தும், அருமையான ஏடுகளை நிலவறையிலும் கீழ்த்தளத்திலும் அடுக்கியிருந்தார்கள். சுமார் பத்து லட்சம் புத்தகங்களும் தாள்களும் சேற்றில் மூழ்கின. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த எண்ணெயும் சேற்றோடு கலந்தது. சாந்தா குரோசே கோயிலில் சீமாபூயே தீட்டிய சிலுவைச் சித்திரம் பாதிக்குமேல் வர்ணத்தை இழந்தது.

இன்னொரு சங்கதி. அன்று இரவு பாலத்து நகைக்கடைக்காரர்களுக்குக் காவற்காரர்கள் செய்தி சொல்ல, அவர்கள் ஓடிவந்து நகைகளை எடுத்துக்கொண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஊராருக்கோ யாரும் பறை சாற்றவில்லை. செய்தியும் பணக்காரன் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறது!

சேற்றிலிருந்து புத்தகங்களை மீட்டவர்கள் யார்? வானத்திலிருந்து எவரும் இறங்கவில்லை. பல தேசத்து மாணவர்கள் வந்து, வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் "சேற்றுத் தேவதைகள்" என்பதாம். நாம் கண்ட தேவதைகள் இவர்கள்தான்.

நிற்க. வசாரி எழுதிய கர்த்தரின் கடைசி இராப்போஜனப் படமும் அந்த வெள்ளத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுகிக் கிடந்தது. ஐம்பது வருஷம் கழித்து 2016-ல்தான் அதைச் செப்பனிட்டு சாந்தா குரோசேயில் திரும்ப மாட்டினார்கள். மாட்டும்போது ஜெபத்தை மட்டும் நம்பவில்லை. வெள்ள எச்சரிக்கை வந்தால் படத்தை மேலே தூக்க ஓர் இயந்திரமும் வைத்தார்கள். இதுதான் பகுத்தறிவு!

கோயில் நனைந்தால் சுயமரியாதைக்காரனுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். சிற்பமும் சித்திரமும் ஏடும் கடவுள் சொத்தல்ல தோழர்களே. கல் சுமந்தவனும், உளி பிடித்தவனும், எழுத்தாணி பிடித்தவனும் தேடி வைத்த மனிதர் சொத்து. அதனால்தான் நாம் கேட்கிறோம்.

ஆகவே, பழம்பொருளைக் காப்பதாகச் சொல்லுகிறவர்களைப் பார்த்துக் கேளுங்கள்: முன் வந்த வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் குறித்திருக்கிறீர்களா? அந்தக் குறிக்குக் கீழே என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? முதலில் எடுக்க வேண்டியவற்றுக்கு ஜாப்தா உண்டா? நடுராத்திரியில் சாவி யார் கையில்? தூக்க எத்தனை ஆள்? அவர்களுக்குச் செய்தி சொல்லுவது யார்?

இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால், அங்கே நடக்கும் பூஜையும் ஜெபமும் எத்தனை வேளையானாலும் சரி, அது காவல் இல்லாத வீடுதான்.